ராமநகரம் பாறை, சாவனதுர்கா உச்சி: ரெண்டு பேர், ரெண்டு நாள். கயிறு, ஆங்கர், எந்த நாள் எது?

#1 ஒற்றியூரான்

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி கடைசி வாரயிறுதியில் நானும் நண்பரும் கிளம்புகிறோம். ஒரு நாள் பெங்களூரு அருகே ராமநகரம் பக்கம் பாறையேற்றம், இன்னொரு நாள் சாவனதுர்கா (1,226 மீட்டர்) உச்சிக்கு நடை. ரெண்டு பேருக்கும் உள்ளரங்கச் சுவரில் பிலே பிடிக்க (கீழே நின்று ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காக்க) தெரியும், எட்டு முடிச்சு தெரியும். வெளிப்பாறையில் ஆங்கர் (கயிற்றைத் தாங்கும் மேல்பிடி) கட்டியதில்லை. எடை 58 கிலோ, 84 கிலோ. பாறையில் அடித்த போல்ட்டில் கயிற்றை மாட்டிக்கொண்டே போகும் லீட் ஏற்றம் எண்ணத்தில் இல்லை, மேலே கட்டிய ஆங்கர் வழியாகக் கயிறு வரும் டாப்-ரோப் மட்டும்தான்.

மூன்று விஷயம் தெரியணும். காசிமேட்டில் படகுக்கு விற்கும் 12 மி.மீ. நைலான் கயிறும் டி-ஷாக்கிளும் (ஊசி போட்டு மூடும் இரும்பு வளையம்) டாப்-ரோப்புக்குப் போதாதா? பாறை முதல் நாளா, உச்சி முதல் நாளா? மேடே இல்லாத நம்ம பக்கத்தில் காலை எப்படித் தயார் பண்ணுவது?

#2 கப்பக்கயிறு

கயிறு விஷயம் மட்டும் சொல்கிறேன். படகுக் கயிறு வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொண்டு விடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கடையில் இதே யோசனை மறுபடி வரும்.

அங்கே நைலான் என்று சொல்லித் தருவதில் நிறைய நைலானே இல்லை. ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரை விட லேசு, மிதக்கும். நைலான் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகிவிடும், வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். வலைக்கும் நங்கூரத்துக்கும் அது சரியான பொருள். ஆள் தொங்குவதற்கு அல்ல.

அசல் நைலானாகவே இருந்தாலும் அது மூன்று பிரி முறுக்கிய கயிறு. மேலே உறை கிடையாது. சுமை தாங்கும் அதே இழைதான் பாறை விளிம்பிலும் உரசும். பிலே கருவிக்குள் விட்டால் முறுக்கு அவிழ்ந்து சுருண்டு சிக்கும். எல்லாவற்றையும் விட, விழுந்தால் என்ன ஆகும் என்று அதை யாரும் சோதித்தது கிடையாது.

ஏறுவதற்கான டைனமிக் (இழுபடும்) கயிற்றுக்கு ஈ.என். 892 என்ற ஐரோப்பியத் தரம் உண்டு. ஒற்றைக் கயிறாக இருந்தால் 80 கிலோ எடையைக் கட்டி, காரணி ஏறக்குறைய 1.77 வரும்படி விழவிடுவார்கள். குறைந்தது 5 முறை தாங்க வேண்டும். முதல் விழுதலில் அதிர்ச்சி 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 1,200 கிலோ இழுவை. காரணி என்பது விழுந்த தூரத்தை வெளியே விட்ட கயிற்றின் நீளத்தால் வகுத்து வருவது. 2 மீட்டர் விழுந்து 2 மீட்டர் கயிறுதான் வெளியே இருந்தால் காரணி 1. அதே 2 மீட்டருக்கு 20 மீட்டர் கயிறு இருந்தால் 0.1 தான். கயிறு இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. இழுபடாத கயிற்றில் அந்த அதிர்ச்சி இடுப்புக்கும் ஆங்கருக்கும் போய்ச் சேரும்.

டாப்-ரோப் மட்டும் என்றால் ஈ.என். 1891 குறைநீட்சிக் கயிறும் பயன்படும். ஆனால் ஒரே ஒரு கயிறுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 60 மீட்டர், 9.8 முதல் 10.2 மி.மீ. வரையில் ஒற்றை டைனமிக் கயிறாக வாங்குங்கள். நடுக்குறி இருக்க வேண்டும். எடை 4 கிலோவை ஒட்டி வரும், விலை பத்தாயிரத்தைத் தாண்டும். வாங்க முடியாவிட்டால் தெரிந்த குழுவிடம் இரவல் கேளுங்கள். எத்தனை வருடம் ஆனது, எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

ஷாக்கிள் பற்றி: சுமை அளவு பொறித்த கால்வனைஸ் ஷாக்கிள் வலுவில் குறைவில்லை. பொறிப்பு இல்லாத வார்ப்பு ஷாக்கிளைத் தொட வேண்டாம். ஆனால் ஆட்டத்தில் அதன் ஊசி தானாகக் கழன்று வரும், எடையும் அதிகம். பூட்டுள்ள காரபைனர் (ஸ்பிரிங் வாய் உள்ள கொக்கி வளையம்) நான்கு வாங்கிவிடுங்கள். பக்கவாட்டில் நீளவாக்குக்கு 20, குறுக்குவாக்குக்கு 7, வாய் திறந்திருந்தால் 7 கிலோநியூட்டன் அல்லது அதற்கு மேல் பொறித்திருக்க வேண்டும். குறுக்காகச் சுமை விழுந்தால் வலு மூன்றில் ஒன்றாகிவிடும் என்பதை அந்தப் பொறிப்பே சொல்கிறது.

#3 சரக்குக்கொக்கி

கப்பக்கயிறு சொன்னது சரி. ஆனால் நம்ம பக்கத்துக் கடையில் ஒரு நல்ல பொருள் இருக்கு, அதையும் சொல்லணும். கிரேனுக்குப் போடும் பட்டை ஸ்லிங், பாலியெஸ்டர். ஊதா ஒரு டன், பச்சை இரண்டு டன், மஞ்சள் மூன்று டன். பாதுகாப்புக் காரணி 7 என்று லேபிளில் போட்டிருக்கும், அப்படின்னா ஒரு டன் ஊதா ஸ்லிங் அறுந்துபோக 7 டன்னாவது வேணும். பெரிய பாறாங்கல்லைச் சுற்றி ஆங்கர் போட 4 மீட்டர் ஊதா ஸ்லிங் அருமையாக உட்காரும். 

#4 கருங்கல்

சரக்குக்கொக்கி அண்ணே, இதில் எனக்குப் பாதி சம்மதம்தான். புது ஸ்லிங், லேபிள் பிய்யாமல் தைத்திருக்கிறது, கல்லைச் சுற்றி நிலையாகக் கட்ட மட்டும். அதுவரை சரி. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு ஒருவர் பழைய இரும்புக்கடைக்குப் போய் அரை விலைக்கு ஸ்லிங் வாங்கி வருவார். எண்ணெய் குடித்ததா, அமிலம் பட்டதா, எத்தனை கோடை வெயிலில் கிடந்தது, எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பழையது வேண்டவே வேண்டாம். இன்னொன்று, பாலியெஸ்டர் பட்டை இழுபடாது. அதில் நேராக இடுப்பைக் கட்டிக்கொண்டு விளிம்பில் நின்று வழுக்கினால் ஒரு மீட்டர் விழுந்தாலும் முதுகுத்தண்டு வாங்கும். கல்லுக்கு ஸ்லிங், ஆளுக்கு டைனமிக் கயிறு.

#5 சரக்குக்கொக்கி

ஒத்துக்கிறேன். புதுசு மட்டும் என்று நானே முதலில் எழுதியிருக்கணும். பழைய பொருளில் பயனுள்ளது ஒண்ணே ஒண்ணு: கழித்துப் போட்ட தீயணைப்பு ஹோஸ். மணலி பக்கம் கிடைக்கும். 60 செ.மீ. துண்டுகளாக வெட்டி, கயிற்றை உள்ளே விட்டு விளிம்பில் வைத்தால் கயிற்றின் உறை அறுபடாது. ஹோஸ் நகராமல் இருக்க ஒரு முனையில் ஓட்டை போட்டு மெல்லிய கயிற்றால் ஆங்கரில் கட்டிடுங்க.

#6 கருங்கல்

ஆங்கருக்கு வருவோம். ஒற்றியூரான், டாப்-ரோப்பில் பெரிய ஆபத்து ஏறுபவருக்கு இல்லை. விளிம்பில் குனிந்து ஆங்கர் கட்டுபவருக்குத்தான். ஆகவே பின்பக்கமாக நடந்தே உச்சிக்குப் போகக்கூடிய, 20 முதல் 25 மீட்டர் உயரப் பாறையாகத் தேர்ந்தெடுங்கள். விளிம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளியே முதல் வேலையாக உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். கயிற்றின் ஒரு முனையைப் பின்னால் உள்ள கல்லில் கட்டி, அதிலிருந்து க்ளோவ் ஹிட்ச் முடிச்சு போட்டு இடுப்புக்கு. விளிம்பை நெருங்க நெருங்க முடிச்சைத் தளர்த்தி நீளம் கொடுத்துக்கொள்ளலாம். இதற்காகவே தனியாக 15 மீட்டர் டைனமிக் துண்டு இருந்தால் நல்லது.

ஆங்கருக்கு மூன்று தனிப்பிடிகள். கல் என்றால் அடியில், தரையை ஒட்டிச் சுற்றுங்கள். மேல்பகுதியில் சுற்றினால் கல் உருளும். ரெண்டு பேர் சேர்ந்து தள்ளினால் அசைகிற கல் ஆங்கர் கிடையாது. மரம் என்றால் உயிரோடு, தொடைத் தடிமனாவது இருக்க வேண்டும். பாறைமேல் முளைத்த மரத்துக்கு வேர் ஒரு சாண் மண்ணில்தான் ஓடும், அதனால் மரத்தை மூன்றில் ஒன்றாக மட்டும் நம்புங்கள். பழைய போல்ட் கண்ணில் படலாம். துருக்கறை வழிந்திருந்தாலோ, தட்டு கையால் சுழன்றாலோ, சுற்றியுள்ள பாறையைத் தட்டும்போது பானை மாதிரிச் சத்தம் வந்தாலோ விட்டுவிடுங்கள். அந்தப் பக்கக் கருங்கல் வெங்காயத்தோல் மாதிரி அடுக்கடுக்காக உரியும் இயல்புடையது. வெற்றுச்சத்தம் வருவது உரியப் போகிற அடுக்கு.

பிடிகள் ஒன்றுசேரும் கோணம் 60 டிகிரிக்குள் இருக்கட்டும். ரெண்டு பிடிகளுக்கு 60 டிகிரியில் ஒவ்வொன்றும் சுமையில் 58 சதவீதம் தாங்கும். 90-ல் 71. 120-ல் ஒவ்வொன்றும் முழுச் சுமை, ரெண்டு வைத்ததற்கு அர்த்தமே போய்விடும். சேருமிடம் விளிம்புக்குக் கீழே ஒரு சாணாவது தொங்க வேண்டும். மேலே நின்றால் ஒவ்வொரு இறக்கத்திலும் கயிறு முனையில் அறுபடும். அங்கே பூட்டுள்ள காரபைனர் ரெண்டு, வாய் எதிரெதிராக.

இனி கணக்கு. 60 மீட்டர் கயிற்றுக்கு 25 மீட்டர் பாறை. 28 என்றால் கயிறு எட்டும், ஆனால் முடிச்சுக்கும் நகர்ந்து நிற்பதற்கும் மிச்சம் இருக்காது. கயிற்றின் மறுமுனையில் எப்போதும் முடிச்சு. இறக்கும்போது கயிறு பிலே கருவியை விட்டு நழுவிப் போவது அனுபவசாலிகளுக்கே நடக்கிற விபத்து.

அடுத்து, உள்ளரங்கில் யாரும் சொல்லித் தராத ஒன்று. ஏறத் தொடங்கும்போது மேலே போய்க் கீழே வரும் கயிறு 50 மீட்டர். 80 கிலோ தொங்கினால் அது 7, 8 சதவீதம் நீளும், அதாவது மூன்றரை முதல் நான்கு மீட்டர். 3 மீட்டர் உயரத்தில் கை நழுவினால் கயிறு பிடித்திருந்தும் தரையைத் தொடுவீர்கள். முதல் 4, 5 மீட்டருக்குக் கயிறு விறைப்பாக இருக்க வேண்டும். 84 கிலோ நண்பர் ஏறும்போது இன்னும் விறைப்பாக.

எடை வித்தியாசம் டாப்-ரோப்பில் சமாளிக்கக்கூடியது. மேல் காரபைனரின் உரசல் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடும். 84 கிலோவில் பிலே பிடிப்பவருக்கு வருவது ஏறக்குறைய 50. 58 கிலோக்காரர் மயிரிழையில் தரையில் நிற்பார். பிலே பிடிக்கும்போது உங்களைப் பின்னால் உள்ள கல்லில் கட்டிக்கொண்டு நில்லுங்கள், கயிறு தளராமல். லீட் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, நீங்கள் அதைத் தொடாதது நல்ல முடிவு.

ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்னும் ஒருவரை ஒருவர் கையால் தொட்டுச் சரிபாருங்கள், கண்ணால் மட்டும் அல்ல: ஹார்னஸ் (இடுப்புப் பட்டை) பக்கிள், எட்டு முடிச்சின் ரெண்டாவது சுற்று முழுதாகத் திரும்பியிருக்கிறதா, வால் ஒரு கையகலமாவது வந்திருக்கிறதா, காரபைனர் பூட்டியிருக்கிறதா, கயிற்று முனையில் முடிச்சு.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொள்வது ஆங்கர் கட்டத் தெரிந்ததாக ஆகாது. முதல் நாள் காலை மட்டுமாவது பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று உங்கள் ஆங்கரைப் பார்க்கட்டும். பெங்களூருவில் ஜெனரல் திம்மய்யா தேசிய சாகசப் பயிற்சிக் கழகம் பாறையேற்றம் கற்றுத் தருகிறது, விசாரியுங்கள். ராமதேவரபெட்டா பக்கம் பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம், அங்கே ஏறக் கூடாது.

#7 மேம்பாலப்படி

நாள் வரிசைக்கு என் வாக்கு: உச்சி முதலில். இரவு ரயிலில் தூங்கியும் தூங்காமலும் வந்து இறங்கி, அந்தத் தலையோடு முதல் ஆங்கர் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நடைக்குக் கால் போதும். முடிச்சுக்குத் தெளிவான தலை வேண்டும். சனி உச்சி, இரவு நன்றாகத் தூக்கம், ஞாயிறு பாறை.

#8 கருங்கல்

தலை பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் காலைப் பாருங்கள். சாவனதுர்காவில் இறக்கம் முழுக்கச் சரிந்த வழுக்குப்பாறை. தொடைத்தசை இழுபட்டபடியே சுமை தாங்கிக்கொண்டு இறங்கும். அந்த வலி அடுத்த நாள்தான் தெரியும், ரெண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். ராமநகரத்தில் கையால் தொங்குவதை விடக் காலால் நிற்பதுதான் அதிகம். நடுங்குகிற காலோடு ஸ்லாப்பில் (சரிந்த பாறைமுகத்தில்) குதிகாலைத் தாழ்த்தி நிற்க முடியாது. வீங்கிய பாதம் ஏறும் ஷூவுக்குள்ளும் நுழையாது.

#9 மேம்பாலப்படி

கால் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அப்படியானால் இப்படிச் செய்யலாமே: பாறை சனிக்கிழமையே இருக்கட்டும், ஆனால் வந்து இறங்கியதும் கயிற்றைத் தொட வேண்டாம். காலை உணவு, ஒரு மணி நேரம் பாறையைச் சுற்றி நடந்து உச்சிக்குப் போகும் பின்வழி, இறங்கும் வழி, தேன்கூடு, நிழல் எல்லாம் பார்த்துவிட்டு 9 மணிக்கு ஆங்கர். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு முகம் பெரும்பாலும் நிழலில் இருக்கும், மேற்கு முகம் மதியம் வரை நிழல். பாறை சுட்டால் ஷூ ரப்பரும் விரலும் வழுக்கும், 12 மணிக்கு மேல் தெற்கு முகத்தில் ஏறாதீர்கள். மூன்று மணிக்கு ஆங்கரைக் கழற்றிவிட வேண்டும். கழற்றுவதும் விளிம்பு வேலை, களைத்த பிறகு செய்கிற வேலை.

ரயில்: சென்னை–மைசூரு காவேரி எக்ஸ்பிரஸ் ராமநகரம் தடத்தில்தான் போகிறது. முன்பதிவு செய்யும்போது நிறுத்தம், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூருவில் இறங்கினாலும் மைசூரு பக்கம் போகும் வண்டிகள் நிறைய.

#10 கருங்கல்

ஏற்றுக்கொள்கிறேன். 9 மணி ஆங்கர் நல்ல யோசனை.

#11 மேம்பாலப்படி

இனி காலைத் தயார் பண்ணுவது. மேடு இல்லாவிட்டாலும் படி இருக்கிறது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தரையிலிருந்து மூன்றாம் மாடி வரை ஏறினால் சுமார் 9 மீட்டர். 400 மீட்டர் ஏற்றத்துக்கு 44 முறை. முதல் வாரம் 15 முறை வெறுங்கையோடு, ரெண்டாம் வாரம் 25, மூன்றாம் வாரம் 35 முறை, ஆறு லிட்டர் தண்ணீர் போட்ட பையோடு. வாரம் மூன்று நாள் போதும். லிஃப்ட் இருந்தாலும் இறங்கும்போதும் படியிலேயே இறங்குங்கள், அதுவும் மெதுவாக. பயணத்தில் வலி தருவது இறக்கம்தான், அதைத்தான் பழக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய ஐந்து நாள் படி ஏற வேண்டாம்.

நேரக் கணக்குக்கு 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி இன்றைக்கும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. ஒரு வழி 3 கி.மீ., ஏற்றம் 400 மீட்டர் என்று வைத்தால் 76 நிமிடம் வரும். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம்ம வெயில், பை, சரிவுப்பாறை எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக்குங்கள், இரண்டரை மணி. காலை 6:30-க்குத் தொடங்கி, எங்கே இருந்தாலும் 10 மணிக்குத் திரும்ப வேண்டும். உச்சி நந்தி மண்டபம் கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் 10 மணி என்றால் 10 மணி.

இறக்கத்தில் எல்லாரும் செய்யும் தப்பு, பயத்தில் பின்னால் சாய்வது. சாய்ந்தால் எடை பாதத்தை விட்டுப் போய்விடும், கால் முன்னால் ஓடும். முழங்காலை மடக்கி, மூக்கு பாதத்துக்கு நேர் மேலே வரும்படி, சின்னச் சின்ன எட்டு. ரவை மாதிரி மணல் கிடக்கும் இடத்தைச் சுற்றிப் போங்கள். கறுப்புக் கோடுகள் மழைநீர் வழியும் தடம். காய்ந்திருந்தால் பிடிக்கும், ஈரம் பட்டால் எண்ணெய். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் உச்சியை விட்டுவிடுங்கள்.

கரிகுட்டா, பிலிகுட்டா என்று அங்கே ரெண்டு குன்று. நடைபாதை கரிகுட்டாவில். வனத்துறை முன்பதிவு முன்னாடியே செய்துவிடுங்கள்.

#12 முதலுதவிப்பெட்டி

தேன்கூடு என்று ஒரு வார்த்தையில் போய்விட்டீர்கள். தென்னிந்தியப் பாறைகளில் எனக்குக் கயிற்றை விடப் பெரிய கவலை மலைத்தேனீ. பாறையின் தொங்குமுகத்தில் ஒரு கை நீளத்துக்குத் தட்டையாகத் தொங்கும் கூடு. வாசனைத் தைலம், சென்ட், பீடிப்புகை, கூச்சல் எதுவும் வேண்டாம். கூடு இருக்கும் முகத்தில் ஏறாதீர்கள், அதற்கு நேர் மேலே ஆங்கரும் கட்டாதீர்கள். கிளம்பிவிட்டால் அடிக்காதீர்கள். நசுங்கிய தேனீயின் வாசனை மற்றதையும் கூப்பிடும். ஏறுபவரை உடனே இறக்கி, முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். கொடுக்கு எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறதோ அவ்வளவு நல்லது, நகத்தால் வழித்தாலும் சரி. உதடு, நாக்கு வீங்குவது, மூச்சு இழுப்பது, தலைசுற்றுவது இதில் ஒன்று வந்தாலும் 108. காத்திருக்கக் கூடாது.

தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 20.5 கிராம், அது ஒரு முழு லிட்டருக்கு. அரை லிட்டரில் கரைத்துக் குடித்தால் செறிவு இரட்டிப்பாகி வயிற்றைப் புரட்டும். பெட்டிக்கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் அதற்கு மாற்று இல்லை. சாப்பாட்டுக்குப் புளிச்சோறு கெடாது, கடலை மிட்டாயும் பேரீச்சையும் பையின் வெளிப்பாக்கெட்டில்.

ரெண்டே பேர் என்பதால் ஒன்று. ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் மற்றவர் தூக்கி வர முடியாது. வீட்டில் ஒருவரிடம் எந்தப் பாறை, எந்த வழி, எத்தனை மணிக்கு அழைப்போம் என்று எழுதிக் கொடுங்கள். அந்த நேரம் தாண்டினால் 112-க்கு அவர் அழைக்க வேண்டும். கயிற்றில் மயங்கித் தொங்குபவரைத் தொங்கவிட்டு உதவிக்கு ஓடாதீர்கள், முதலில் தரைக்கு இறக்குங்கள். 25 மீட்டர் பாறை, 60 மீட்டர் கயிறு என்று கருங்கல் சொன்ன கணக்கு அதற்கும்தான்.

#13 ஒற்றியூரான்

எல்லாருக்கும் நன்றி. படகுக் கயிறு எண்ணத்தை விட்டாச்சு. சனி பாறை, 9 மணிக்கு ஆங்கர், முதல் நாள் காலை பயிற்சியாளர் ஒருவர் வருகிறார். கடைசியாக ஒன்று: கயிறு வீட்டிலேயே இருக்கும். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. எப்படி வைப்பது?

#14 கப்பக்கயிறு

கடல்காற்றில் முதலில் கெடுவது காரபைனர். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், வாயின் ஸ்பிரிங் இறுகி முழுதாக மூடாமல் நிற்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்புப் போர் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் கீலில் உலர் மெழுகு மசகு ஒரு சொட்டு. பைக் செயினுக்குப் போடும் ஈர எண்ணெய் மணலைப் பிடித்து வைக்கும். மூடிய டப்பாவில் சிலிகா ஜெல் பையோடு வையுங்கள்.

கயிற்றைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் விரியுங்கள், மொட்டை மாடி வெயிலில் அல்ல. காய்ந்ததும் முழு நீளத்தையும் கையில் உருவிப் பாருங்கள். ஓரிடத்தில் மெத்தென்று மடிந்தாலோ, தட்டையாக இருந்தாலோ, உறைக்குள்ளிருந்து வெள்ளை இழை தெரிந்தாலோ அந்த இடத்தோடு வெட்டிவிட வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். நம்ம வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் மூலையில்தான் மற்ற சாமானும் சேரும். பேட்டரியின் கந்தக அமிலம் நைலானைத் தின்றுவிடும். நிறம் மாறாது, பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும், சுமை வந்ததும் நூல் மாதிரி அறும். வண்டி டிக்கியிலும் வேண்டாம். துணிப்பையில் போட்டு, உடுப்பு வைக்கும் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பூச்சி உருண்டை போடாத தட்டாக.